604 படிகளும் ஒரு சமதளப் பாதையும்

"தம்பி, இந்தப் படிகளை நான் ஏறலாமா?"

இதய மறுவாழ்வுப் பிரிவில் அன்றைய பயிற்சியை முடித்துக்கொண்ட பெரியவர் ஒருவர், தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். திரையில் ஓர் அருவி. பாறைகளின்மேல் அடுக்கடுக்காக இறங்கும் நீர். அதன் ஓரமாகக் காட்டுக்குள் ஏறிச் செல்லும் நீண்ட படிவரிசை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா நகருக்கு அருகே வசிக்கும் மகள் அனுப்பிய படம் அது. பெரியவருக்கு வயது 66. பைபாஸ் அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. அக்டோபர் மாதம் மகளிடம் செல்வதற்குப் பயணச்சீட்டு எடுத்தாயிற்று. புறப்பட இன்னும் ஆறு வாரங்களே இருந்தன.

"காரிலேயே உட்கார்ந்திருங்கள் அப்பா, நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம் என்கிறாள். ஆண்டுதோறும் பழனிமலை ஏறியவன் நான். காரில் உட்கார்ந்திருப்பதற்கா கடல் கடந்து போகிறேன்?"

அவருடைய மனைவி மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு அருகில் அமர்ந்திருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பிள்ளைகள் வெளிநாட்டில் வாழும் குடும்பங்களிலிருந்து இத்தகைய கேள்விகள் எங்கள் பிரிவுக்கு அடிக்கடி வருகின்றன. "ஏறலாம்" என்றோ "கூடாது" என்றோ ஒரே சொல்லில் விடை கூறிவிட முடியாது. எந்த அருவி, எந்தப் பாதை, யார் யார் உடன் செல்கிறார்கள், எப்படித் திரும்பி வருவார்கள் என்பவற்றையெல்லாம் அறிந்த பிறகே விடை கூற இயலும். அந்தக் குடும்பத்தினர் வகுத்த ஒருநாள் பயணத் திட்டத்தை, அவர்களுடைய இசைவோடு, பிறருக்கும் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறோம்.

முதலில் அருவியை அறிதல்

அமெரிக்காவில் நடுவண் அரசு பராமரிக்கும் தேசியப் பூங்காக்களைத் தவிர, ஒவ்வொரு மாநிலமும் தனக்கென மாநிலப் பூங்காக்களை அமைத்திருக்கிறது. பூங்கா என்றவுடன் பூச்செடிகளும் ஊஞ்சலும் நினைவுக்கு வரலாம். இவை அத்தகையவை அல்ல. காடும் மலையும் ஏரியும் அடங்கிய பெருநிலப் பரப்புகள். நடப்பதற்கென வகுக்கப்பட்ட பாதைகளும், வண்டி நிறுத்துமிடங்களும், பார்வையாளர் நிலையமும் அவற்றில் இருக்கும்.

மகள் படம் அனுப்பிய இடம் அமிக்கலோலா அருவி மாநிலப் பூங்கா. அட்லாண்டாவிலிருந்து வடக்கே காரில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணத்தில், டாசன்வில் என்னும் ஊருக்கு அப்பால் மலைப்பகுதியில் உள்ளது. அமிக்கலோலா என்பது செரோக்கிப் பழங்குடி மக்களின் மொழியிலிருந்து வந்த பெயர். உருண்டு விழும் நீர் என்பது அதன் பொருள். 729 அடி, அதாவது 222 மீட்டர் உயரத்திலிருந்து பல அடுக்குகளாக நீர் இறங்குகிறது. ஜார்ஜியாவின் மிக உயரமான அருவி இதுவே. ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பலாச்சியன் நெடும்பாதையின் தென்முனையான ஸ்பிரிங்கர் மலைக்குச் செல்லும் அணுகுபாதையும் இந்தப் பூங்காவிலிருந்துதான் தொடங்குகிறது. ஆகவே முதுகுச் சுமையோடு மாதக்கணக்கில் நடக்கப் புறப்பட்ட இளைஞர்களையும் அங்கே காணலாம். அவர்களைப் பார்த்து நம் நடையை அளந்துகொள்ள வேண்டியதில்லை.

குற்றாலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு துண்டும் எண்ணெயுமாகப் புறப்படவும் வேண்டியதில்லை. இந்த அருவி குளிப்பதற்கன்று, காண்பதற்கே. ஈரப்பாறைகளில் படரும் பாசி கண்ணுக்குத் தெரியாமலே காலை வழுக்கிவிடும். ஆகவே கைப்பிடிக்கு அப்பால் ஓர் அடியும் எடுத்து வைக்கலாகாது.

ஓர் அருவி, மூன்று வழிகள்

பூங்காவின் வரைபடத்தை மேசைமேல் விரித்தபோது, அதே அருவியைக் காண மூன்று வழிகள் இருப்பது தெரிந்தது.

முதல் வழி, அடிவாரத்திலிருந்து ஏறுவது. செங்குத்தான பாதையில் சற்றுத் தூரம் நடந்த பிறகு படிகள் தொடங்குகின்றன. அருவியின் நடுவே குறுக்காக ஒரு பாலம் இருக்கிறது. அதுவரை 175 படிகள். அங்கிருந்து உச்சிவரை மேலும் நானூற்றுக்கு மேற்பட்ட படிகள். மொத்தம் 604. ஒரு மாடிக்குப் பதினைந்து படிகள் என்று கொண்டால், இது நாற்பது மாடிகள் ஏறுவதற்குச் சமம். பாலம் வரை ஏறுவதே ஏறத்தாழ பன்னிரண்டு மாடி ஏற்றம்.

இரண்டாம் வழி, காரில் உச்சிக்கே சென்றுவிட்டு அங்கிருந்து படிகளில் இறங்குவது. கேட்பதற்கு எளிதாக இருக்கும். ஆனால் மூன்றிலும் நம்மை ஏமாற்றக்கூடிய வழி இதுவே. நம் மலைக்கோயில்களில் உடல் புதிதாக இருக்கும்போது ஏறுகிறோம். களைத்த பிறகு இறங்குகிறோம். பாதி வழியில் முடியவில்லையென்றால் திரும்பிவிடலாம், எஞ்சியிருப்பது இறக்கம்தான். உச்சியிலிருந்து தொடங்கும் பாதையில் இந்த ஒழுங்கு தலைகீழாகிறது. மூச்சு வாங்காமல் உற்சாகமாக இறங்கிச் சென்றவருக்கு, கால்கள் தளர்ந்த பிறகு ஏற்றம் காத்திருக்கிறது. ஆகவே எந்த அருவிக்குச் சென்றாலும், "போவது எப்படி?" என்று கேட்பதற்கு முன் "திரும்புவது எப்படி?" என்று கேட்க வேண்டும்.

மூன்றாம் வழி, மேற்கு முகட்டிலுள்ள வண்டி நிறுத்துமிடத்திலிருந்து அதே நடுப்பாலத்துக்குச் செல்லும் சமதளப் பாதை. நீளம் 0.3 மைல், ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர். பழைய டயர்களிலிருந்து செய்த, சற்றே மெத்தென்ற தளம். சக்கர நாற்காலியும் செல்லத்தக்க பாதை. படிகள் இல்லை. சென்று திரும்பினால் ஒரு கிலோமீட்டர். அருவியின் மிக நெருங்கிய காட்சியைத் தருவதும் இந்தப் பாதை சென்று முடியும் பாலம்தான்.

பெரியவர் வரைபடத்தைச் சற்று நேரம் பார்த்தார். "ஒரு கிலோமீட்டரா? நான் தினமும் காலையில் இரண்டரைக் கிலோமீட்டர் நடக்கிறேனே" என்றார். அவர் குரலில் ஏமாற்றம் தெரிந்தது.

அளவுகோல் யாருடைய உடல்?

அவர் கூறியது உண்மை. அவருடைய பயிற்சிப் பதிவேடு நன்றாகவே இருந்தது. இரண்டு மாடிகளை நிற்காமல் ஏறினாலும் நெஞ்சில் இறுக்கமோ மிகுந்த மூச்சிரைப்போ இல்லை. அறுவை சிகிச்சைக்கு முன்பும் பின்பும் மருத்துவர்கள் கேட்கும் எளிய கேள்விகளுள் ஒன்று இது. ஆனால் இரண்டு மாடிகளுக்கும் பன்னிரண்டு மாடிகளுக்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை முதன்முதலாகக் கடந்து பார்ப்பதற்கு, கைப்பேசித் தொடர்பு சரிவரக் கிடைக்காத மலைக்காடு ஏற்ற இடமன்று.

இதை அவரிடம் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான், அம்மையார் தம் வலது முழங்காலை அழுத்திப் பிடித்திருப்பது என் கண்ணில் பட்டது.

"அம்மா, நீங்கள் படி ஏறுவீர்களா?"

அவர் கணவரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "மொட்டை மாடியில் துணி காயப்போடுவதை நிறுத்தி இரண்டு வருடமாகிறது."

பெரியவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "என்னிடம் சொல்லவே இல்லையே?"

"உங்கள் நெஞ்சுவலிக்கு நடுவில் என் முட்டிவலியையா சொல்வது?"

நோயாளியைக் கவனிப்பவருக்கும் ஓர் உடல் இருக்கிறது. அந்த எட்டு மாதங்களில் இதயத்தின் வரைபடம் எத்தனையோ முறை எடுக்கப்பட்டிருந்தது. அந்த முழங்காலைப் பற்றி ஒருவரும் ஒருமுறைகூடக் கேட்டிருக்கவில்லை. கேட்காதவர்களுள் நானும் ஒருவன்.

படி ஏறுவது பெரும்பாலும் இதயத்தையும் நுரையீரலையும் சோதிக்கிறது. இறங்குவது முழங்காலைச் சோதிக்கிறது. இறங்கும் ஒவ்வொரு படியிலும் உடல் எடையைப்போல் பல மடங்கு அழுத்தத்தை முழங்கால் மூட்டு தாங்க வேண்டியிருக்கிறது. ஆகவே குழுவாகச் செல்லும்போது, மிக மெதுவாக நடக்கக்கூடியவரின் உடலைக் கொண்டே பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் நோயாளியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

மூன்றாம் வழி என்று அப்போதே முடிவாயிற்று. முடிவெடுத்தவர் பெரியவரேதான்.

ஆறு வார ஆயத்தம்

அங்கே நடக்கப்போவது ஒரு கிலோமீட்டர் என்றால், இங்கே ஒன்றரைக் கிலோமீட்டரை எளிதாக நடக்க முடிந்திருக்க வேண்டும். அந்த உபரி, நெடும்பயணக் களைப்புக்கும், தூக்கக் குறைவுக்கும், எதிர்பாராத காத்திருப்புக்குமான இருப்பு. இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். அம்மையாரின் வேகத்தில் நடந்தார்கள். தொடக்கத்தில் அவர் இருமுறை அமர்ந்து எழ வேண்டியிருந்தது. நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டித் தாங்கிப் பிடிக்கும் தொடைத்தசைப் பயிற்சியை அவருக்குக் கற்றுக்கொடுத்தோம். ஊன்றுகோலுக்கு முதலில் மறுத்தார், பிறகு ஏற்றுக்கொண்டார். பயணத்தின்போது அணியப்போகும் காலணியையே நடைக்கும் அணியச் சொன்னோம். புதிய காலணியோடு புறப்படுவது கொப்புளத்துக்கு வழி; நீரிழிவு உள்ளவர்களுக்கு அது புண்ணாகவும் மாறலாம்.

வேகத்தை அளக்க எளிய வழி பேச்சு. நடந்துகொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்க வேண்டியிருந்தால் வேகம் மிகுதி. மெட்டோபுரொலால் போன்ற மருந்துகளை உட்கொள்பவர்களுக்கு உடல் எவ்வளவு உழைத்தாலும் நாடித்துடிப்பு அதற்கேற்ப உயராது. அவர்கள் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பாமல் பேச்சையே நம்ப வேண்டும்.

பையில் இருக்க வேண்டியவை, வீட்டில் முடிக்க வேண்டியவை

*மருந்துகள்:* அன்றைக்குரிய மருந்துகளோடு கூடுதலாக ஒருநாள் மருந்தும் கையில் இருக்கட்டும். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை, இதய நோயாளியின் சட்டைப்பையிலோ கைப்பையிலோ இருக்க வேண்டும்; காரில் இருந்தால் பயனில்லை. நிறுத்தி வைத்த காரின் வெப்பம் அந்த மாத்திரையையும் இன்சுலினையும் கெடுத்துவிடும். சிறுநீர் பிரியச் செய்யும் மாத்திரையைப் பயண நாளில் எந்த நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று மருத்துவரைக் கேளுங்கள், நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உண்பவர்கள், சிறு காயத்துக்கும் அழுத்திக் கட்டத் துணிக்கட்டு வைத்திருக்க வேண்டும்.

*நீரும் உணவும்:* நீர் அருந்தும் அளவுக்கு வரையறை உள்ளவர்கள், நடைநாளில் எவ்வளவு அருந்தலாம் என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையை உடன் வைத்திருக்க வேண்டும். வயிறு நிறைய உண்ட உடனே நடக்க வேண்டாம்.

*மருத்துவக் குறிப்பு:* நோயின் பெயர், செய்த சிகிச்சை, மருந்துகளின் மூலப்பெயரும் அளவும், ஒவ்வாமை ஆகியவற்றை ஆங்கிலத்தில் ஒரு சிறு அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனங்கள் இடும் விற்பனைப் பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறுபடும். மூலப்பெயரைக் கொண்டே அங்குள்ள மருத்துவர் அறிந்துகொள்வார்.

*காப்பீடு:* பயணக் காப்பீடு, ஏற்கெனவே உள்ள நோய்க்கும் பொருந்துமா என்பதைப் பத்திரத்தில் படித்துப் பாருங்கள். பல காப்பீடுகள் பொருந்துவதில்லை. பொருந்தினாலும் வரம்பு இருக்கும்.

*நாளும் நேரமும்:* அக்டோபரில் இலைகள் நிறம் மாறுவதைக் காண வார இறுதிகளில் பெருங்கூட்டம் வரும். வண்டி நிறுத்த இடம் கிடைப்பது அரிது. சமதளப் பாதையின் வாயிலில் வண்டியை நிறுத்த முடியாமற்போனால் திட்டமே மாறிவிடும். ஆகவே வேலைநாள் ஒன்றின் முற்பகலைத் தேர்ந்தெடுத்தோம். விடியற்காலைக் குளிர் இதய நோயாளிகள் சிலருக்கு நெஞ்சுவலியைத் தூண்டக்கூடும். வெயில் ஏறிய பிறகு, கழுத்தையும் வாயையும் மூடும் துணியோடு செல்வது நல்லது. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கிறார்கள். அதன் பிறகு மாலை விரைவிலேயே இருண்டுவிடும்.

*தகவல்:* எங்கே செல்கிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டிலுள்ள ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். மலையில் கைப்பேசி வேலை செய்யும் என்று எண்ண வேண்டாம். பாதை திறந்திருக்கிறதா என்பதை அன்று காலையே பூங்காவின் பார்வையாளர் நிலையத்தில் கேட்டறியலாம். காரில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிச் சிறிது நடப்பது, கால்களில் இரத்தம் தேங்காமல் காக்கும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. எந்த இடத்தில் திரும்புவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும். அருவியின் ஓசை காதில் விழுந்த பிறகு எடுக்கும் முடிவு, உடலைக் கேட்டு எடுப்பதாக இராது; ஆசையைக் கேட்டு எடுப்பதாகவே இருக்கும். அந்தக் குடும்பம் ஒரே வரியில் எழுதிக்கொண்டது: "பாலத்துக்கு அப்பால் ஒரு படியும் இல்லை. யார் திரும்பலாம் என்றாலும் எல்லோரும் திரும்புவோம், காரணம் கேட்பதில்லை."

உடனே நிற்க வேண்டிய அறிகுறிகள்

நெஞ்சில் வலி, இறுக்கம் அல்லது பாரம், தாடை, தோள், இடக்கை ஆகியவற்றுக்குப் பரவும் வலி, நின்று ஓய்வெடுத்தும் தணியாத மூச்சிரைப்பு, தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை, தாறுமாறான இதயத்துடிப்பு. இவற்றுள் ஒன்று தோன்றினாலும் நடையை நிறுத்தி அமர வேண்டும். மருத்துவர் கூறியுள்ள முறைப்படி நாக்கின் அடியில் மாத்திரையை வைக்க வேண்டும். உடன் இருப்பவர் தாமதிக்காமல் உதவி கோர வேண்டும். அமெரிக்காவில் அவசர உதவிக்கான எண் 911. "காருக்குப் போய்விடுவோம், பிறகு பார்க்கலாம்" என்று நோயாளியை நடக்க வைப்பது பெருந்தவறு.

பாலத்தின்மேல்

டிசம்பரில் மறுபரிசோதனைக்கு வந்தபோது, இருவரும் அந்த நாளைப் பற்றிச் சொன்னார்கள். பாதை கூறியபடியே சமமாக இருந்தது. இடையில் இரண்டு முறை நின்றார்கள். இரண்டு முறையும் நிற்கலாம் என்றவர் அம்மையார். பாலத்தை அடைந்தபோது, கீழிருந்து படியேறி வந்த இளைஞர்கள் சிலர் கைப்பிடியில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"மேலே போகும் படி கண்ணெதிரே இருக்கிறது தம்பி. பொய் சொல்ல மாட்டேன், ஒரு கணம் கால் பரபரத்தது. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதி வைத்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தால் இவள் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள், முகமெல்லாம் சாரல். அதற்குமேல் படியைப் பற்றி நான் நினைக்கவில்லை."

அம்மையார் சற்றுக் கூச்சத்தோடு சொன்னார்: "எட்டு மாதத்தில் அன்றைக்குத்தான் இவருடைய மாத்திரை நேரத்தை மறந்தேன். மகளுடைய கைப்பேசி மணியடித்துத்தான் நினைவு வந்தது."

அந்த மணியையும் திட்டத்தில் எழுதியிருந்தோம். கவனிப்பவர் ஒரு மணி நேரம் மறந்திருப்பதற்கும் திட்டத்தில் இடம் வேண்டும்.

வாசகர்களே, நீங்களும் இத்தகைய பயணம் ஒன்றை எண்ணியிருந்தால், செல்லும் இடத்தின் பாதை வரைபடத்தோடு எங்கள் பிரிவுக்கு வாருங்கள். குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன்பே வாருங்கள். உடன் செல்பவரையும் அழைத்து வாருங்கள். அவருடைய முழங்காலைப் பற்றி இம்முறை நாங்களே முதலில் கேட்போம்.